டஸ்க், ட்வைலைட்: இரண்டுக்கும் 'அந்தி' என்றே போட்டுவிடலாமா?

வில்லியனூர்_வாசகி

கையில் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் இரண்டு சின்ன வேலை. ஒன்று, தானாக எரிந்து அணையும் தெருவிளக்கு சென்சாரின் கையேடு. இன்னொன்று, புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கும் ஒரு விடுதிக்கான அறிவிப்புப் பலகைகள். சிக்கல் தரும் வாக்கியங்கள் இவை:

விளக்கு 'டஸ்க்'கில் எரியும், 'டான்'இல் அணையும்.
'டஸ்க்'குக்குப் பிறகு கடலில் இறங்கக் கூடாது.
'ட்வைலைட்'டில் மொட்டைமாடியில் இரவு உணவு பரிமாறப்படும்.
'ட்வைலைட்' வயதினருக்குக் கட்டணச் சலுகை.

எந்த அகராதியைத் திறந்தாலும் இரண்டு சொல்லுக்கும் அந்தி, அந்திப்பொழுது, மாலை மயக்கம் என்று ஒரே கூட்டம்தான் வருகிறது. உண்மையிலேயே இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா, இல்லை சும்மா அழகுக்காக மாற்றிப் போடுகிறார்களா?

ஐந்தங்குலத்_தொலைநோக்கி

உண்டு. வானியலில் கறாராகவே உண்டு.

ட்வைலைட் என்பது ஒரு நேர நீளம். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே போன பிறகும் மேல் காற்றுமண்டலம் அதன் ஒளியைச் சிதறடித்துக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த மிச்ச வெளிச்சமும் அது இருக்கும் நேரமும் ட்வைலைட். டஸ்க் என்பது அந்த நீளத்தின் கடைசிப் புள்ளி. ஒன்று கயிறு, மற்றது கயிற்றின் முனை.

ட்வைலைட் மூன்று அடுக்கு. சூரியனின் மையம் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை சிவில், 12 வரை நாட்டிகல், 18 வரை அஸ்ட்ரனாமிக்கல். ஒவ்வொன்றும் முடியும் கணத்துக்குத்தான் சிவில் டஸ்க், நாட்டிகல் டஸ்க், அஸ்ட்ரனாமிக்கல் டஸ்க் என்று பெயர். ஆக ஒரே மாலையில் மூன்று டஸ்க். இந்த எண்கள் சும்மா வைத்தவை அல்ல. 6 பாகை வரை வெட்டவெளியில் விளக்கில்லாமல் வேலை பார்க்கலாம். 12 தாண்டினால் கடலும் வானமும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அது மாலுமிகளின் கணக்கு. செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து உயரம் எடுக்க நட்சத்திரமும் வேண்டும், அந்தக் கோடும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது இந்த இடைவெளியில் மட்டும்தான். 18 தாண்டினால் சூரியனின் ஒளி அறவே இல்லை.

இன்னொன்று: ட்வைலைட் காலையிலும் உண்டு. டஸ்க் மாலைக்கு மட்டும். அதன் காலைப் பங்காளி டான்.

கெடிலக்கரை

நிமிடக் கணக்கில் எவ்வளவு சார்? கடலூரில் நின்று பார்த்தால் 'இதோ அந்தி' என்று திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது.

ஐந்தங்குலத்_தொலைநோக்கி

கடலூர், புதுச்சேரி இரண்டும் ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கு. இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. மறைந்ததிலிருந்து சிவில் டஸ்க் வரை 21 முதல் 23 நிமிடம். நாட்டிகல் டஸ்க் 46 முதல் 51 நிமிடத்தில். முழு இருட்டு 70 முதல் 79 நிமிடத்தில். மார்ச், செப்டம்பரில் குறைவு. ஜூனிலும் டிசம்பரிலும் கூடுதல்.

லண்டனில் ஜூன் கடைசியில் சிவில் ட்வைலைட் மட்டுமே 48 நிமிடம் அளவுக்கு நீளும். அங்கே அந்த நாட்களில் சூரியன் நள்ளிரவிலும் 15 பாகைக்கு மேல் இறங்குவதில்லை, அதாவது அஸ்ட்ரனாமிக்கல் டஸ்க் வருவதே இல்லை. ட்வைலைட் உண்டு, டஸ்க் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த நேரம் ஒரு வாழிடம் மாதிரி; உள்ளே நடந்து போகலாம், தோட்டத்தில் உட்கார்ந்து பேசலாம். அதற்குத் தனியாக ஒரு சொல், அது முடிவதற்குத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது. நமக்கு அது ஒரு வாசற்படி, அவ்வளவுதான்.

பழைய_பஞ்சாங்கம்

'நமக்குச் சொல் இல்லை' என்ற பக்கம் பேச்சு சாய்வதற்குள் ஒரு குறுக்கீடு. புறநானூற்றில் 'காலை அந்தியும் மாலை அந்தியும்' என்றே வருகிறது. ஆக அந்தி என்பது பழைய தமிழில் இருபுறமும் செல்லும் சொல், ட்வைலைட் போலவே. இன்று 'அந்தி' என்றால் மாலை மட்டும்தான் காதில் விழுகிறது. காலைப் பக்கத்தை விடியல், வைகறை, கருக்கல் எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டன.

'மாலை' என்ற சொல்லிலும் கவனம் தேவை. பள்ளிப் பாடத்தில் சிறுபொழுது படிக்கும்போது மாலை என்பது 6 மணியிலிருந்து 10 மணி வரை. இன்று யாராவது 'மாலை 9 மணி' என்பார்களா? இப்போது மாலை 4 மணிக்குத் தொடங்கி விளக்கு போட்டதும் முடிந்துவிடுகிறது. டஸ்க்குக்கு வெறும் 'மாலை' என்று போட்டால் படிக்கிறவர் 5 மணி என்று எடுத்துக்கொள்ள நியாயம் இருக்கிறது.

பிரெஞ்சு_வகுப்பு_கடைசி_பெஞ்ச்

வேரைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது. ட்வைலைட்டில் 'லைட்' கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. முன்னால் உள்ள 'ட்வை' என்பது இரண்டு. இரண்டு வெளிச்சமா, பாதி வெளிச்சமா என்று மொழியறிஞர்களிடம் சண்டை உண்டு. எப்படியும் அது வெளிச்சத்தைப் பற்றிய சொல். டஸ்க் அப்படி இல்லை. அதன் பழைய ஆங்கில வடிவம் கருநிறத்தைக் குறித்த பெயரடை. 'டஸ்கி' என்று மாநிறத்தைச் சொல்வது அந்த வாசனைதான். ஆக ஒன்று மிச்சமிருக்கும் வெளிச்சத்தைப் பார்க்கிறது, மற்றது வந்துகொண்டிருக்கும் இருட்டைப் பார்க்கிறது.

நம்ம ஊர் பிரெஞ்சிலும் இதே பிரிவு. 'க்ரெபுஸ்க்யுல்' ட்வைலைட்டின் ஜோடி. காலைக்கும் வரும், மாலைக்கும் வரும். டஸ்க்குக்கு 'அ லா ப்ருய்ன்' என்று ஒரு பழைய வழக்கு: பழுப்பேறும் வேளையில். மறுபடியும் நிறம்! நம்ம கருக்கலில் 'கரு' இல்லையா, அதே கதைதான். பிரெஞ்சில் இன்னொரு தொடர் 'நாய்க்கும் ஓநாய்க்கும் நடுவே' என்பது, எதிரே வருவது எது என்று புரியாத அளவு இருட்டு. இதைத் தமிழில் அப்படியே கொண்டுவந்து யாரும் படுத்தாமல் இருந்தால் புண்ணியம்.

கெடிலக்கரை

அப்போ டஸ்க் = கருக்கல், ட்வைலைட் = அந்தி. முடிந்தது வேலை?

பழைய_பஞ்சாங்கம்

முடியாது. கருக்கல் ஊருக்கு ஊர் புரளும். 'கருக்கல்லயே கிளம்பிட்டான்' என்றால் நம் பக்கம் பெரும்பாலும் விடிகாலை. வேறு பக்கங்களில் மாலை இருட்டுக்கும் அதே சொல். பலகையில் 'கருக்கலுக்குப் பின் கடலில் இறங்காதீர்' என்று எழுதினால் ஒருவன் விடிந்த பிறகு இறங்கக் கூடாது போலிருக்கிறது என்று படிப்பான். கதை எழுதப் பிரமாதமான சொல், அறிவிப்புக்கு ஆபத்து. 'மாலைக் கருக்கல்' என்று கட்டினால் பிழைக்கும்.

டஸ்க்குக்கு மிக அருகில் இருப்பது 'விளக்கு வைக்கிற நேரம்'. ஆனால் அதுவும் கொஞ்சம் முந்தியது. இருட்டும் முன் வைத்துவிட வேண்டும் என்பதுதானே அதன் கணக்கே. தவிர, சென்சார் கையேட்டில் 'விளக்கு வைக்கும் நேரத்தில் விளக்கு எரியும்' என்று வந்தால் படிப்பவர் சிரிப்பார்.

வயர்மேன்_முத்தியால்பேட்டை

சென்சார் என்றதும் எட்டிப் பார்த்தேன். நீங்கள் பாகை, நிமிடம் என்று பேசுகிறீர்கள். அந்தப் பெட்டிக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

சந்தையில் 'டஸ்க் டு டான்' என்று விற்பதில் இரண்டு ஜாதி. ஒன்று போட்டோசெல். உள்ளே வெளிச்சத்தை உணர ஓர் எல்.டி.ஆர். அல்லது போட்டோ டையோடு, ஸ்விட்ச் வேலைக்கு ஒரு ரிலே. வெளியே மூன்று வயர்: ஃபேஸ், நியூட்ரல், லோட். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. இது வெளிச்சத்தை மட்டும் அளக்கும். 10 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) ஆன், 30 லக்ஸில் ஆஃப் என்று போட்டிருந்தால், அந்த இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் இருட்டுகிற நேரத்தில் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது அஸ்ட்ரோ டைமர். இதில் ஊரின் அகலாங்கு, நெட்டாங்கு, தேதி கொடுத்தால் அது சூரியன் மறையும் நேரத்தைக் கணக்குப் போட்டு ஆன் செய்யும். மறைந்து 15 நிமிடம் கழித்து என்று ஆஃப்செட்டும் வைக்கலாம். இது வானத்தைப் பார்க்கவே பார்க்காது.

இரண்டு பெட்டியிலும் ஒரே 'டஸ்க்'. ஆனால் ஐப்பசி மாதம் வடகிழக்கில் மேகம் திரண்டு மதியம் மூன்று மணிக்கே கும்மிருட்டானால் போட்டோசெல் விளக்கைப் போட்டுவிடும். அஸ்ட்ரோ டைமர் அசையாது. கையேடு எதைப் பற்றியது என்று முதலில் பாருங்கள் மேடம்.

வில்லியனூர்_வாசகி

போட்டோசெல்தான் சார். மூன்று வயர், 10 லக்ஸ், தாமதம் 30 வினாடி என்று போட்டிருக்கிறது.

ஐந்தங்குலத்_தொலைநோக்கி

முத்தியால்பேட்டைக்காரர் சொன்னதோடு ஓர் எண்ணை இணைக்கிறேன். தெளிந்த வானத்தில் சூரியன் மறையும் கணத்தில் திறந்த தரையில் ஏறக்குறைய 400 லக்ஸ். சிவில் டஸ்க்கில் 3.4 லக்ஸ் அளவு. இருபது சொச்சம் நிமிடத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. 10 லக்ஸ் என்பது சிவில் டஸ்க்குக்குச் சில நிமிடம் முன்னால் வரும். ஆக வானம் தெளிவாக இருக்கிற நாளில் அந்தப் பெட்டியின் டஸ்க்கும் பஞ்சாங்க டஸ்க்கும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும். மேகம் வந்தால்தான் பிரியும்.

வயர்மேன்_முத்தியால்பேட்டை

ஆமாம். கையேட்டில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் இருக்காது: சென்சாரின் முகம் அது போடுகிற விளக்கையே பார்க்கக் கூடாது. பார்த்தால் விளக்கு எரியும், வெளிச்சம் முகத்தில் விழும், விடிந்துவிட்டது என்று அணைக்கும், மறுபடி இருட்டு, மறுபடி எரியும். விடிய விடிய இதே கூத்து. கண்ணாடி, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் இதையே செய்யும்.

கடற்கரையில் தனியாக ஒரு தொல்லை. உப்புக்காற்றில் மேல்மூடி சில மாதத்தில் பால்போல மங்கிவிடும். உள்ளே போகும் வெளிச்சம் குறைவதால் மாலையில் சீக்கிரம் எரிந்து, காலையில் தாமதமாக அணையும். சென்சார் கெட்டுப்போச்சு என்று மாற்றுவார்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பகலிலும் விளக்கு அணையவே இல்லை, மூடியும் சுத்தம் என்றால் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்.இ.டி. டிரைவர்கள் ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அப்படி. ஒரு சென்சாரில் ஏழெட்டு எல்.இ.டி. தொங்கவிட்டால் இதுதான் நடக்கும். நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய ரிலே, போட வேண்டும்.

கெடிலக்கரை

இழை மொழியிலிருந்து மின்வாரியத்துக்குப் போய்விட்டது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. :)

கடல் பலகைக்கு வருவோம். 'டஸ்க்குக்குப் பிறகு இறங்காதே.' சட்ட மொழியில் டஸ்க் என்ற சொல் பெரும்பாலும் வருவதில்லை, கவனித்தீர்களா? படகு விளக்குகளுக்கான சர்வதேச மோதல் தடுப்பு விதி 20 'சூரியன் மறைவு முதல் உதயம் வரை' என்றுதான் சொல்கிறது. பெண்களைக் கைது செய்யும் நேரம் பற்றிய விதியிலும் சூரியன் மறைவுதான். வண்டி விளக்குக்கான மோட்டார் வாகன விதி 105 மறைந்து அரை மணி நேரம் என்று எண்ணைப் போட்டுவிடுகிறது. டஸ்க் என்று எழுதினால் வக்கீல் மூன்று டஸ்க்கில் எது என்று கேட்பார்.

பரங்கிப்பேட்டை_பிறை

பார்த்துக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தேன், ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. பள்ளிவாசல் நேர அட்டவணையில் இந்த இரண்டு முனையும் தினமும் அச்சாகின்றன. மாலைத் தொழுகையான மஃரிப் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. அடிவானத்து வெளிச்சம் போனதும் இரவுத் தொழுகையான இஷா. நம் நாட்டில் பரவலாகப் பின்பற்றும் அட்டவணைகள் இஷாவுக்கு 18 பாகை வைக்கின்றன. சில முறைகளில் 17 அல்லது 15. நம் பக்கத்து அட்டவணையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் குறையாது. மேலே சொன்ன 70 முதல் 79 நிமிடத்தோடு சரியாக உட்காருகிறது. அந்த இடைவெளி முழுவதும் ட்வைலைட், இஷா தொடங்கும் கணம் டஸ்க். தினசரிக் கிழிப்பு நாள்காட்டியிலேயே சரிபார்க்கலாம்.

ஐந்தங்குலத்_தொலைநோக்கி

அருமையான சான்று. எனக்குத் தோன்றாமல் போச்சு.

பலகை விஷயத்தில் கெடிலக்கரைக்கு ஓர் எச்சரிக்கை. 'சூரியன் மறைந்த பின்' என்பதும் நம் கரையில் சரிவராது. இது கிழக்குக் கரை. சூரியன் ஊருக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் மறைகிறது. கடலில் நிற்பவருக்கு அது எப்போது மறைந்தது என்று தெரிய வழியே இல்லை.

அவருக்குத் தெரிவது வேறு. வானம் தெளிவாக இருந்தால், மறைந்த சில நிமிடத்தில் கிழக்கே கடல்மட்டத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை தலைகாட்டும். அதன் மேல் விளிம்பில் வெளிர்சிவப்பாக இன்னொரு பட்டை. மேகம் என்று நினைப்பார்கள். கீழே இருக்கும் நீலம் பூமியின் நிழல், காற்றுமண்டலத்தின் மேல் விழுந்தது. மேற்கே சூரியன் இறங்க இறங்க இது மேலே ஏறும். ஏற ஏற மேல்விளிம்பு கலங்கி, மொத்த வானத்தோடும் கரைந்துவிடும். 'இருள் விழுந்தது' என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்ப்பவர்கள் ஒரு நாள் கடற்கரைச் சாலையில் கிழக்கே பார்த்து நிற்கலாம். இங்கே இருள் விழுவதில்லை, கடலிலிருந்து எழும்புகிறது. 'இருள் கவிந்தது' என்றாவது எழுதுங்கள்.

பலகையில் மணியைப் போடுங்கள். ஆனால் ஒரே மணி வருடம் முழுக்க உதவாது. புதுச்சேரியில் நவம்பர் மூன்றாம் வாரம் 5.42 ஐ ஒட்டி மறைகிறது. ஜூலை முதல் வாரம் 6.39 ஐ ஒட்டி. கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். 5.30 என்று போட்டால் எந்த மாதத்திலும் பாதுகாப்பு.

வில்லியனூர்_வாசகி

அப்படியானால் பலகையில் டஸ்க்குக்குத் தமிழே தேவையில்லை: 'மாலை 5.30 மணிக்கு மேல் கடலில் இறங்கக் கூடாது.' விடுதிக்காரர் ஒத்துக்கொள்வார், மணி போடச் சொல்லி முன்பே கேட்டிருந்தார்.

மொட்டைமாடி உணவும் ட்வைலைட் வயதும் மிச்சம்.

பழைய_பஞ்சாங்கம்

மொட்டைமாடிக்கு 'அந்தி' தாராளமாகப் போடலாம். அங்கே விற்பது அந்த மிச்ச வெளிச்சத்தைத்தானே. 'அந்தி வெளிச்சத்தில் மொட்டைமாடி விருந்து.' 'அந்தி மயங்கும் வேளையில்' வேண்டாம், சினிமாப் பாட்டு வாடை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர்கள் பரிமாறி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும், நம்ம அந்தி இருபது நிமிடம். மூலத்தில் 'இரவு உணவு' என்றிருந்தாலும் 'அந்தியில் தொடங்கி' என்று மாற்றுவது நல்லது.

வயது விஷயத்தில்தான் குழி இருக்கிறது. யாராவது 'அந்திம வயதினருக்குச் சலுகை' என்று எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அந்திக்கும் அந்திமத்துக்கும் உறவே இல்லை. அந்திமம் வடமொழி, கடைசி என்று பொருள். அந்திமக்காலம் என்றால் சாகக் கிடக்கிற காலம், அந்திமக்கிரியை என்றால் ஈமச்சடங்கு. ஒலி ஒன்றுபோல இருப்பதால் ட்வைலைட் இயர்ஸுக்கு இதைப் பொருத்துவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. அறுபத்தைந்து வயதில் உற்சாகமாகச் சுற்றுலா வந்தவரை வரவேற்பு மேசையிலேயே பாடையில் ஏற்றுவதா? 'மூத்த குடிமக்களுக்கு' என்று போட்டுவிட்டுப் போங்கள்.

பிரெஞ்சு_வகுப்பு_கடைசி_பெஞ்ச்

இங்கே ஒரு பயன்பாட்டு வித்தியாசமும் தெரிகிறது. இந்த உருவகங்கள் எல்லாம் ட்வைலைட்டுக்குத்தான். ஒருவரின் தொழில்வாழ்வின் ட்வைலைட், தெளிவில்லாத 'ட்வைலைட் ஸோன்', மருத்துவத்தில் முழு மயக்கம் தராமல் செய்யும் 'ட்வைலைட்' மயக்கம் (இதை அரைமயக்கம் என்றால் போதும், அந்தி மயக்கம் என்று ஒருவர் எழுதிப் பார்த்தேன்). இந்த இடங்களில் டஸ்க் பெரும்பாலும் உட்காராது. டஸ்க் கடிகாரத்தோடு சேரும்: 'அட் டஸ்க்', 'பை டஸ்க்', 'பிஃபோர் டஸ்க்'. ட்வைலைட் 'இன் த ட்வைலைட்' என்று உள்ளே இழுக்கும். 'அட் ட்வைலைட்' என்பதும் உண்டு, 'இன் த டஸ்க்' என்பதும் உண்டு. அன்றாட ஆங்கிலத்தில் வேலி அவ்வளவு உயரமில்லை. அடுத்த சொல் எது என்று பார்த்தால் பத்தில் எட்டு இடம் தெளிந்துவிடும்.

கெடிலக்கரை

சென்சாருக்கு என்ன வைப்பது? அந்தி இல்லை, கருக்கல் இல்லை, விளக்கு வைக்கும் நேரம் இல்லை, சூரியன் மறைவு இல்லவே இல்லை.

பழைய_பஞ்சாங்கம்

பெயர்ச்சொல்லைத் தேடுவதை விடுங்கள். இந்த வேலையைத் தமிழில் வினைதான் செய்யும். 'இருட்டியதும் எரியும்.'

நம் பக்கத்தில் 'இருட்டிக்கிட்டு வருது' என்றால் பொழுது போவதும் அதுதான், மழைமேகம் திரள்வதும் அதுதான். மாடியில் காயும் துணியை எடுக்கச் சொல்லும் வாக்கியம் அது. முத்தியால்பேட்டை அண்ணன் சொன்ன மதியம் மூன்று மணிக் கும்மிருட்டும் இதில் அடங்கிவிட்டது. ஆங்கில டஸ்க்கில் அது அடங்காது.

வயர்மேன்_முத்தியால்பேட்டை

இது சரி. 'இருட்டியதும் எரியும், வெளிச்சம் வந்ததும் அணையும்.' விடிந்ததும் என்று போடாதீர்கள், மேகம் கலைந்தாலும் அணையும்.

வில்லியனூர்_வாசகி

அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சோதனைப் பகுதியில் 'டஸ்க்கைப் போன்ற நிலையை உருவாக்கவும்' என்று ஒரு படி இருக்கிறது. அதற்கு?

வயர்மேன்_முத்தியால்பேட்டை

பகலில் சோதிக்கிறதுக்காக. 'சென்சாரின் முகத்தைக் கறுப்பு டேப்பால் முழுக்க மூடி, 30 வினாடி காத்திருக்கவும்.' கையால் பொத்தினால் விரலிடுக்கில் வெளிச்சம் போகும், எரியாது. உடனே கடைக்காரருக்குப் போன் போடுவார்கள். டேப்பை எடுக்க மறக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.